எம்டி யார்டுக்குப் போகும் பாப்பாவுக்கு

பாப்பா,

மணலியில் காலிக் கண்டெய்னர் யார்டு ஒன்றில் உனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று உன் அப்பா போனில் சொன்னான். குரலில் சந்தோஷத்தைவிடச் சந்தேகம் அதிகம். "டிகிரி படிச்ச பொண்ணு, காலி டப்பாவைக் காவல் காக்கவாண்ணே?" என்றான். அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னருக்கென்றே தனி முனையம் திறந்தார்கள். அதற்குச் சில வருடம் கழித்து நான் அரியலூர்ப் பக்கத்து நம் ஆலத்தியூரிலிருந்து ரயிலேறிப் போய், கிளியரிங் ஏஜெண்ட் ஒருவரிடம் பேப்பர் தூக்கும் பையனாகச் சேர்ந்தேன். பிறகு தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி என்று வாழ்க்கை இந்தப் பெட்டிகளோடே போயிற்று. கணக்கைக் கம்ப்யூட்டர் உனக்குச் சொல்லித் தரும். அது சொல்லித் தராததை இங்கே எழுதுகிறேன். எண் போட்டிருப்பது நீ தேடி எடுக்க வசதியாக. எது பெரிது, எது சிறிது என்று அதில் பார்க்காதே.

1. காலிப் பெட்டியை இளப்பமாக நினைக்காதே. இருபதடிப் பெட்டி, உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும் இரண்டே கால் டன் இருக்கும். நாற்பதடி நாலு டன்னை நெருங்கும். யார்டிலும் டிரெய்லரிலும் கப்பலிலும் லோடு பெட்டி எவ்வளவு இடம் கேட்குமோ அவ்வளவு இடம் இதுவும் கேட்கும். தூக்குகூலியும் தனி. உலகக் கடல்களில் நகரும் பெட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று வெறுமனேதான் பயணம் போகிறது. அந்தச் செலவெல்லாம் எங்கேயோ ஒரு லோடு பெட்டியின் தலையில் விழுகிறது. நம் ஊர்ப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். 1997-ல் ராம்கோ சிமெண்ட் ஆலை ஆலத்தியூருக்கு வந்ததிலிருந்து சிமெண்ட் லாரிகள் ஊரைக் கடந்து போகின்றன. நீ அவற்றைப் பார்த்தே வளர்ந்தவள். போகிற வாடகையை டீக்கடையில் எல்லாரும் பேசுவார்கள். திரும்பி வர லோடு கிடைத்ததா என்று டிரைவர் வீட்டில் மட்டும்தான் கேட்பார்கள். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கிற வேலைக்கு நீ போகிறாய்.

2. பெட்டி குவிந்தால், இடம் போதவில்லை என்று சொல்வதற்கு முன் ஏன் குவிந்தது என்று கேள். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இறக்குமதியாகிற மின்னணுச் சாமான்களும் இயந்திர பாகங்களும் பெரும்பாலும் நாற்பதடியில் வரும். கிருஷ்ணகிரிப் பக்கத்து கிரானைட்டுக்கு நாற்பதடி உதவாது. பெட்டி பாதி நிறைவதற்குள் எடை வரம்பைத் தொட்டுவிடும். அதற்கு இருபதடி வேண்டும். தூத்துக்குடியில் பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவு ஏற்றுகிறவர் உயரமான நாற்பதடி கேட்பார். அது இடத்தை அடைக்கிற சரக்கு, எடை அவ்வளவு இராது. இறால் ஏற்றுமதிக்குக் குளிரூட்டும் பெட்டி வேண்டும். நம் நாட்டுக்குக் குளிர்ச்சரக்கு குறைவாகவே வருவதால் அந்தப் பெட்டிகளைப் பெரும்பாலும் காலியாகவே கொண்டுவருகிறார்கள். ஆகவே ஒரே யார்டில், ஒரே காலையில், ஒரு வகை மலைபோலக் கிடக்கும். இன்னொரு வகை ஒன்றுகூட இருக்காது. "யார்டில் எத்தனை பெட்டி?" என்று யாராவது கேட்டால் ஒரே எண்ணைச் சொல்லிவிட்டு நகராதே. எந்த லைன் (கப்பல் கம்பெனியை இங்கே அப்படித்தான் சொல்வோம்), எந்த அளவு, எந்தத் தரம், எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று நாலாகப் பிரித்துச் சொல். ஜெயங்கொண்டம் சிப்காட்டில் 2024-ல் காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். பெரம்பலூர் எறையூரில் ஏற்கெனவே செருப்புத் தயாராகிறது. செருப்பும் எடை குறைந்து இடம் அடைக்கிற சரக்குதான். நம் மாவட்டத்துப் பெண்கள் தைத்த செருப்புக்கு ஒருநாள் நீயே பெட்டி ஒதுக்குவாய். அன்றைக்கு எந்தப் பெட்டி வேண்டும் என்று யாரும் உனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கக் கூடாது.

3. வாசலில் நீ எழுதுகிற சீட்டில் பொய் எழுதாதே. பெட்டி உள்ளே வரும்போது அதன் நிலையை எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள், இ.ஐ.ஆர். என்பார்கள். அந்த ஒரு தாளில் மூன்று நாலு பேருடைய பணம் இருக்கிறது. எண்ணைப் பார்: நாலு எழுத்து, ஆறு எண், கடைசியில் கட்டத்துக்குள் ஓர் எண். அந்தக் கடைசி எண் முன்னால் உள்ளவற்றைக் கணக்கிட்டு வருவது. ஓர் எழுத்து பிசகினாலும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். கதவின் ரப்பரைப் பார், தரைப் பலகையைத் தட்டிப் பார். காற்றாட விட்டபின் உள்ளே ஓர் ஆளை நிறுத்தி, வெளியே இன்னோர் ஆள் காவலிருக்கக் கதவைச் சாத்தினால், கூரையில் ஊசித்துளை இருந்தாலும் வெளிச்சம் சொல்லிவிடும். இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாதது வேறு ஒன்று. செந்துறைப் பக்கத்து டிரைவர் ஒருவர், பெயர் வேண்டாம், ஒரு யார்டில் பெட்டியை இறக்கிவிட்டுப் போனார். பழைய நெளிவு ஒன்றை அவர் செய்ததாக எழுதிவிட்டார்கள். துரு ஏறிய நெளிவு. புதிதாக இடித்தால் துரு எப்படி வரும்? பெட்டியைப் பார்க்காமலே முதலாளி சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். எழுதியவனுக்கு அவரிடம் பகை ஒன்றுமில்லை. சீட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தது, நிரப்பினான். இந்தத் தொழிலில் நான் பார்த்த அநியாயங்களில் பாதி இப்படிப் பகையில்லாமல் நடந்தவை. சேதத்தை எழுதும் முன் டிரைவரை இறங்கி வரச் சொல், கையைக் காட்டி இதுதான் என்று சொல், அவர் சொல்வதைக் கேள், போட்டோ எடு. இரண்டு நிமிஷம் போகும். போகட்டும்.

4. வாசலுக்கு வெளியே நிற்கிறவரை மறந்துவிடாதே. எல்லாவற்றையும்விட இதை உன் மனதில் போட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஆசை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்காகக் கிலோமீட்டர் கணக்கில் வரிசையில் நின்ற காலம் உண்டு. ஒருநாள் இல்லை, நாள்கணக்கில். டிரைவர் வண்டிக்கடியில் ஸ்டவ் வைத்துச் சமைப்பார், கிளீனர் பக்கத்துத் தெருவில் தண்ணீர் கேட்டுப் போவான், கழிப்பறைக்கு எங்கே போவது என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். எண்ணூர்–மணலி சாலையை அகலப்படுத்த ஒரு திட்டம் போட்டு அது பல வருடம் இழுத்தது. மதுரவாயலிலிருந்து துறைமுகத்துக்கு மேம்பாலச் சாலை என்று 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2012-ல் வேலை நின்றுபோனது. இரண்டடுக்காக மாற்றி 2022 மே மாதம் மறுபடி அடிக்கல். பெரியவர்கள் கட்டுகிற பாலம் வருகிறபோது வரட்டும். உன்னால் இன்றைக்கே செய்ய முடிகிற ஒன்று இருக்கிறது.

யார்டு நிறைந்துவிட்டால், "இன்றைக்கு இந்த லைன் பெட்டியை வாங்க முடியாது" என்பதைக் காலை ஆறு மணிக்கே சொல்லிவிடு. லைனுக்குச் சொல், டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்குச் சொல், வாட்ஸாப்பில் போடு, கேட்டில் எழுதி ஒட்டு. பெரும்பாலும் இது நடப்பதில்லை. ஆள் வந்தபிறகு, அதுவும் நாலு மணி நேரம் நின்று வாசலைத் தொட்டபிறகு, "ஃபுல்லு, வேற யார்டு பாரு" என்கிறார்கள். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு லைனுக்குப் போன் போடுவார், லைன் ஆபீசில் யாரும் எடுக்க மாட்டார்கள். அதற்குள் பெட்டியைத் திருப்பித் தரக் கொடுத்த ஃப்ரீ டேஸ் முடிந்து, தாமதத்துக்கு லைன் போடுகிற டிடென்ஷன் ஓட ஆரம்பிக்கும். அந்த வண்டி ரோட்டில் நிற்கும். அதற்குப் பின்னால் இன்னொன்று நிற்கும். நெரிசல் என்று பேப்பரில் போடுகிறார்களே, அதில் ரோடு குறுகலாக இருப்பது ஒரு பங்கு. ஒருவருக்குத் தெரிந்த சேதியை அடுத்தவருக்குச் சொல்லாமல் வைத்திருப்பது இன்னொரு பங்கு. முதல் பங்குக்கு நீ பொறுப்பில்லை. இரண்டாவதுக்கு உண்டு.

இன்னொன்று. டிரைவர் எந்த வயதானாலும் "அண்ணா" என்று கூப்பிடு. "ஏய் வண்டி" என்று கூப்பிடுகிற பழக்கம் அந்த வாசல்களில் இருக்கிறது. அது உன் வாயில் ஏறக் கூடாது.

5. அடுக்கும்போதே எடுப்பதை நினை. பீரோவில் உன் அம்மா சேலை அடுக்கியிருப்பாளே, கல்யாணத்துக்குக் கிளம்பும் நேரத்தில் வேண்டிய சேலை எப்போதும் அடியில்தான் இருக்கும். யார்டிலும் அதே கதை. ஆறு பெட்டி உயரத்தில் அடியில் இருப்பதைக் கேட்டால், மேலே இருக்கிற ஐந்தையும் தூக்கி வேறிடத்தில் வைத்துவிட்டு எடுக்க வேண்டும். ஐந்து தூக்குக்கும் யாரும் காசு தர மாட்டார்கள். லைன்வாரியாக, அளவுவாரியாக, தரம்வாரியாகப் பிரித்து வை. உணவுச் சரக்குக்குத் தகுதியான சுத்தமான பெட்டியைத் துருப்பெட்டிக்கு அடியில் புதைக்காதே. முக்கால் பங்குக்கு மேல் யார்டு நிறைய ஆரம்பித்ததும் உள்ளே நடக்கிற வேலை எல்லாம் மெதுவாகிவிடும். கடைசி இடம்வரை நிரப்பினால் திறமை என்று ஒரு மேனேஜர் உன்னிடம் சொல்வார். தலையாட்டிவிட்டு, பெட்டியைத் தூக்கி அடுக்குகிற ரீச் ஸ்டாக்கர் வண்டியை ஓட்டுகிறவரைக் கூப்பிட்டுக் கேள். அவர் சிரிப்பார்.

6. காற்றுக்கும் தண்ணீருக்கும் பயப்படு. லோடு பெட்டி தன் கனத்தாலேயே நிற்கும். காலிப் பெட்டிக்கு அந்தக் கனம் இல்லை, காற்றை வாங்க அகலமான பக்கம் மட்டும் இருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது வடசென்னையில் இருந்தவர்களுக்கு அது புரிந்தது. எச்சரிக்கை வந்தவுடன் உயரத்தைக் குறை. தனியாக நிற்கிற அடுக்கை மற்றவற்றோடு சேர்த்து நெருக்கி வை. ஓரங்களில் படிபோல இறங்கி வரும்படி அடுக்கு. இதைச் செய்ய ஒரு நாள் வேண்டும். புயலுக்கு முந்தின இரவு ஆரம்பித்தால் ஆகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது தண்ணீர் நின்று பாடம் சொன்னது: அடிப்பெட்டியின் மரத்தரை ஊறிவிட்டால் அது வாரக்கணக்கில் ஏற்றுமதிக்கு ஆகாது. பெட்டி மிதக்கவும் செய்யும். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் மூழ்கி, அதிலிருந்த பெட்டிகள் மிதந்து வந்து கொல்லம் கரையில் ஒதுங்கியதை நீயும் டிவியில் பார்த்திருப்பாய்.

7. சாத்திய பெட்டிக்குள் தனியாகப் போகாதே. மரமும் தானியமும் வரும் பெட்டிகளில் பூச்சிக்குப் புகை மருந்து வைப்பார்கள். சரக்கு இறக்கியபின்னும் அந்த வாயு மூலையில் தங்கியிருக்கும். எல்லா மருந்தும் நாற்றமடித்துச் சொல்லாது. இரண்டு கதவையும் திறந்து காற்றாட விடு. ஒருவர் வெளியே நிற்க ஒருவர் உள்ளே போகட்டும். சூப்பர்வைசர் அவசரப்படுத்தினால், "நீங்க முதல்ல போங்க சார், நான் வெளிய நிக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல். அவசரம் அடங்கிவிடும்.

8. யாரும் கேட்காத பெட்டியை நீ கேள். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில், வருடக்கணக்காகக் கிடங்கில் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. அந்தச் செய்தி வந்த வாரத்தில்தான் நம் ஆட்களுக்கு ஞாபகம் வந்தது: அதே சரக்கு, 37 பெட்டிகளில், சுமார் 700 டன், மணலியில் ஒரு சரக்கு நிலையத்தில் 2015-லிருந்து கிடக்கிறது. சுங்கத்துறை பறிமுதல் செய்து வைத்தது. அவசர அவசரமாக ஏலம் முடித்து ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். ஐந்து வருடம் அந்தப் பெட்டிகளைத் தினமும் கடந்துபோனவர்கள் எத்தனை பேர்! யாரும் கெட்டவர்கள் இல்லை. "அது கேஸ்ல இருக்கு" என்ற ஒரு வரியோடு எல்லார் கண்ணும் அந்தப் பக்கம் திரும்புவதை நிறுத்திவிட்டது. உன் யார்டில் அப்படி வெடிக்கிற சரக்கு இருக்காது. ஆனால் சொந்தக்காரர் தெரியாத பெட்டி, கம்பெனி மூடிப்போன பெட்டி, வழக்கில் மாட்டிய பெட்டி நிச்சயம் இருக்கும். மாதம் ஒருமுறை, இருப்பதிலேயே பழைய பத்துப் பெட்டிகளின் பட்டியலைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் யாரைக் கேட்டேன், என்ன சொன்னார்கள் என்று எழுது. கேட்ட தேதியோடு எழுது.

இதில் சட்டமும் உண்டு. கண்டெய்னரே வெளிநாட்டுப் பொருள். ஆறு மாதத்துக்குள் திரும்ப வெளியே போய்விடும் என்ற உறுதியின் பேரில்தான் சுங்கத்துறை தீர்வையில்லாமல் உள்ளே விடுகிறது. நீட்டிப்புக் கேட்கலாம், கேட்க வேண்டிய தேதி தெரிந்தவருக்குத்தான் அந்தச் சலுகை பயன்படும்.

9. பஞ்சத்திலும் பவுசிலும் ஒரே ஆளாக இரு. 2020 கடைசியில் ஆரம்பித்து அடுத்த வருடம் முழுக்கப் பெட்டிப் பஞ்சம். கொரோனாவில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போன பெட்டிகள் அங்கேயே மாட்டிக்கொண்டன. சீனாவிலிருந்து ஏற்ற நல்ல வாடகை கிடைத்ததால் கிடைத்த காலிகளை எல்லாம் லைன்கள் அங்கே ஓட்டின. 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே மாட்டிக்கொண்டது. இங்கே திருப்பூர்க்காரரும் ஆம்பூர்க்காரரும் சரக்கைக் கட்டி வைத்துக்கொண்டு ஒரு நாற்பதடிக்குத் தவம் கிடந்தார்கள். அதே சமயம், வேடிக்கையைப் பார், லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் காலிப் பெட்டி வைக்க இடமில்லாமல் வில்மிங்டன் என்ற ஊரின் குடியிருப்புத் தெருக்களில் டிரெய்லரோடு நிறுத்தினார்கள். லாங் பீச் நகரம் 2021 அக்டோபரில், இரண்டுக்கு மேல் அடுக்கக் கூடாது என்ற விதியைத் தளர்த்தி நாலுவரை அடுக்கச் சொன்னது. உலகத்தில் பெட்டி போதாமல் போகவில்லை. இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் எல்லாம் திரும்பிவந்து யார்டுகள் வழிந்தன. செங்கடலில் தாக்குதல் தொடங்கி, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்த பிறகு, 2024-ல் சிங்கப்பூரிலும் கொழும்பிலும் மறுபடி நெரிசல். மறுபடி "பெட்டி இருக்கா?" என்ற குரல்.

இதில் உனக்கு என்ன? பஞ்ச காலத்தில் உன் கையில் அதிகாரம் வரும். நல்ல பெட்டி யாருக்கு, துருப்பெட்டி யாருக்கு என்று நீ நினைத்தபடி ஒதுக்க முடியும். அப்போதுதான் மேல்காசு மேசைமேல் வந்து உட்காரும். "டீ செலவு" என்று அதற்குச் செல்லப்பெயர். நான் பார்த்த யார்டு ஒன்றில், வருடம் முழுக்கப் பெட்டி கேட்கிற பெரிய கம்பெனிக்கு வாரி வழங்கிவிட்டு, பண்ருட்டியிலிருந்து இரண்டே இரண்டு பெட்டி கேட்டு வந்த முந்திரிக்காரரை நாள்தோறும் "நாளைக்கு வாங்க" என்று அனுப்பினார்கள். நாளை நாளை என்று அவர் சரக்குக்கு வாங்கிய ஆர்டர் ரத்தானது. பின்னால் யார்டில் பெட்டி குவிந்து, எடுக்க ஆளில்லாமல் கிடந்த வருடத்தில் அந்தப் பெரிய கம்பெனி வேறு யார்டுக்குப் போய்விட்டது. முந்திரிக்காரரும் வரவில்லை, எதற்கு வருவார்? முதலில் கேட்டவருக்கு முதலில் கொடு. அந்த வரிசையைச் சுவரில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டிவிடு. சுவரில் இருக்கிற பெயரைத் தாண்டிக் கொடுப்பது, காசு வாங்கினவனுக்கே கஷ்டம்.

10. யார்டுக்கு வராத பெட்டிக்காகவும் உழை. இதைக் கேட்டு உன் முதலாளி முகம் சுளிப்பார். ஒரகடத்தில் ஒரு கம்பெனி இன்று மதியம் நாற்பதடியைக் காலி செய்கிறது என்று வை. இருங்காட்டுக்கோட்டையில் இன்னொரு கம்பெனிக்கு, அதே லைனில், அதே நாற்பதடி நாளைக் காலை வேண்டும். வழக்கப்படி அந்தப் பெட்டி நகரத்தைச் சுற்றி மணலிக்கு வந்து, இறங்கி, அடுக்கப்பட்டு, மறுபடி எடுக்கப்பட்டு, வந்த வழியே திரும்பிப் போகும். இரண்டு டிரெய்லர், இரண்டு வரிசை, இரண்டு தூக்கு. லைன் சம்மதித்து, பெட்டி நல்ல நிலையில் இருந்தால், அங்கிருந்தே கைமாற்றிவிடலாம். சர்வேயர் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதும். யார்டுக்குத் தூக்குகூலி போய்விடும், உண்மைதான். ஆனால் யார்டு வழிகிற காலத்தில் அந்தக் கூலிக்காக இன்னொரு பெட்டியை உள்ளே இழுப்பது, இடத்துக்குத் தவிக்கிறவன் வீட்டுக்கு விருந்து கூப்பிடுவதுதான். அதை முதலாளிக்குக் கணக்குப் போட்டுக் காட்டு, வாயால் வாதாடாதே.

கடலிலும் இதே யோசனை உண்டு. இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே காலிப் பெட்டியை வெளிநாட்டுக் கப்பல்களும் தனி உரிமம் இல்லாமல் கொண்டுபோகலாம் என்று 2018 மே மாதம் அனுமதித்தார்கள். சென்னையில் தேங்கினது தூத்துக்குடியில் தேவைப்படலாம், காட்டுப்பள்ளியில் கிடப்பது கொச்சியில் தேவைப்படலாம். முடிவெடுப்பது லைன். ஆனால் லைன்காரர் திரையில் பார்க்கிற எண்ணும் உன் தரையில் இருக்கிற எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அவர் எடுக்கிற முடிவு சரியாக இருக்கும். இருபது பெட்டி ரிப்பேரில் கிடக்க, எல்லாம் தயார் என்று அனுப்பினால் கப்பல் வந்து நிற்கும்போது யார் பதில் சொல்வது?

11. அடுத்தவருக்கு ஓடுகிற மீட்டரைப் பார்த்துச் சந்தோஷப்படாதே. டெமரேஜ், டிடென்ஷன், கிரவுண்ட் ரென்ட் என்று மூன்று பெயரில் மூன்று பேர் வசூலிப்பார்கள். எது யாருக்குப் போகிறது என்று முதல் மாதத்திலேயே தெரிந்துகொள். தேங்கினால் வருமானம் என்று நினைக்கிற புத்தி இந்தத் தொழிலில் சுலபமாக வரும். 2021 கடைசியில் இலங்கையில் டாலர் இல்லாமல் அரிசியும் பருப்பும் சர்க்கரையுமாகப் பெட்டிகள் கொழும்புத் துறைமுகத்தில் விடுவிக்க ஆளின்றிக் கிடந்தன. அங்கேயும் மீட்டர் ஓடியது. வெளியே ஜனங்கள் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். ஃப்ரீ டேஸ் முடிய இரண்டு நாள் இருக்கும்போது இறக்குமதியாளருக்கு ஒரு போன் போட்டுவிடு. உன் வேலை அது இல்லை என்பார்கள். போடு.

12. யார்டைச் சுற்றி இருப்பது ஊர். மணலி, திருவொற்றியூர், மாதவரம் எல்லாம் ஜனங்கள் நெருக்கமாக வாழ்கிற இடங்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் உன் கேட்டுக்கு வெளியே டிரெய்லர் திரும்பினால் என்ன ஆகும் என்று அரியலூர்க்காரிக்குச் சொல்ல வேண்டுமா? சுண்ணாம்புக்கல் லாரிகளை எதிர்த்து நம் ஜனங்கள் எத்தனை தடவை ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். லோடோடு போகிறவன் நிதானமாகப் போவான்; காலியாகத் திரும்புகிறவன் அடுத்த நடைக்காகப் பறப்பான். அந்தப் பறத்தலுக்கு அவனை மட்டும் குற்றம் சொல்லாதே. நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசியவரையும், வாசலில் அவனை நிறுத்திவைத்து நேரத்தைத் தின்றவரையும் சேர்த்துக்கொள். காலையும் மாலையும் பள்ளி நேரத்தில் கேட்டை மூடிவைக்க முடியுமா என்று கேட்டுப் பார். முதல் தடவை முடியாது என்பார்கள்.

13. உன் உடம்பை நீ பார்த்துக்கொள். தூக்குகிற பெட்டிக்கு அடியில் யார் கூப்பிட்டாலும் போகாதே. ரீச் ஸ்டாக்கருக்குப் பின்னால் நிற்காதே, ஓட்டுகிறவருக்கு நீ தெரிய மாட்டாய். பெண் பிள்ளைக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா என்று சேருகிற அன்றே கேள். இல்லையென்றால் எழுத்தில் கேள். கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்ட பெண்களை அந்த ஆபீஸ்களில் பார்த்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டை மூன்று மணிக்குத் தள்ளாதே. யார்டில் தருகிற பூட்ஸ் ஆண்கள் அளவில்தான் இருக்கும், உன் காலில் நிற்காது. முதல் சம்பளம் வந்ததும் பாரிமுனைக்குப் போய் இரும்பு முனை வைத்த பூட்ஸ் ஒன்றை உன் அளவுக்குப் பார்த்து வாங்கிக்கொள். உன் அப்பாவுக்கு வேட்டி பொங்கலுக்கு எடுத்தால் போதும்.